வந்த வழி யாருக்குத் தெரியும்?

விளாங்குடிக்காரர் ஒருவர் சென்னைக்கு ரயில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஆண்ட்ராய்டு போன். தேதியைப் போட்டதும் வண்டிகளின் பட்டியல் விரிகிறது. வைகை, பாண்டியன் என்று தெரிந்த பெயர்களைத் தாண்டி விரலால் தள்ளிக்கொண்டே போய், அடியில் கிடக்கும் ஏதோ ஒரு சிறப்பு ரயிலைத் தொட்டுப் பார்க்கிறார். வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நிற்கிறது. சரிப்படாது. பேக் அழுத்துகிறார்.

இனி நடக்கக்கூடியவை மூன்று. பட்டியல், அவர் விட்ட இடத்திலேயே, அதே சிறப்பு ரயில் கண்ணெதிரே தெரியும்படி திரும்பி வரலாம். அல்லது பட்டியல் வந்தாலும் உச்சியிலிருந்து தொடங்கலாம். மறுபடி தள்ள வேண்டியதுதான். அதுவும் இல்லையென்றால் தளமே மறைந்து, முதலில் லிங்க்கைத் தொட்ட வாட்ஸ்அப்பில் போய் விழலாம். அழுத்தியது ஒரே பொத்தான். ‘முந்தைய பக்கம்’ எது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. சந்தேகமெல்லாம் இயந்திரத்துக்குத்தான்.

விளாங்குடி, மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. பேரூராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. இதுபோன்ற சாலையோரத்து ஜெராக்ஸ் கடைகளிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் விண்ணப்பம் போட வருகிறவர்களுக்குக் கடைக்காரர் தருகிற முதல் எச்சரிக்கை ஒன்றுண்டு: “தம்பி, நடுவுல பேக் மட்டும் அமுக்கிராதீங்க.” தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அந்தப் பொத்தானுக்குப் பயந்து வளர்ந்திருக்கிறது. பணம் கட்டும் பக்கங்கள் வேறு, பேக்கையும் ரிஃப்ரெஷ்ஷையும் தொடாதே என்று தடித்த எழுத்தில் மிரட்டும். இணையத்தின் மிகப் பழைய வசதி ஒன்று எப்படி இப்படி அபாயப் பொருளானது?

பழைய வசதி என்பது மிகையில்லை. 1990-இல் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரிலேயே பின்னே போகும் கட்டளை இருந்தது. அதோடு இன்றைக்கு வழக்கொழிந்துபோன இரண்டு கட்டளைகளும் இருந்தன: ‘முந்தையது’, ‘அடுத்தது’. அவை நாம் நினைக்கும் பொருளில் வேலை செய்யவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி வந்தோமோ, அந்தப் பக்கத்தில் வரிசையாக இருந்த இணைப்புகளில் ஒன்று முன்னதற்கோ பின்னதற்கோ அவை தாவின. மேலே சொன்ன ரயில்காரருக்கு இது எவ்வளவு தோதாக இருந்திருக்கும்! பட்டியலுக்குத் திரும்பாமலே அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி என்று பார்த்துக்கொண்டே போயிருக்கலாம். 1993-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மொசைக் பிரவுசர், கருவிப் பட்டையில் முன், பின் பொத்தான்களை வைத்து உலகத்துக்குப் பழக்கிவிட்டது. செர்னின் அந்த நுட்பமான ஏற்பாடு காணாமல் போயிற்று.

மக்கள் பின் பொத்தானைப் பிடித்த பிடி ஆய்வாளர்களையே அசர வைத்தது. 1995-இல் ஜார்ஜியா டெக்கில் லாரா கேட்லெட்ஜும் ஜேம்ஸ் பிட்கோவும், இணையத்தில் மனிதர்கள் எப்படி நகர்கிறார்கள் என்று பதிவுசெய்து பார்த்தார்கள். நகர்வுகளில் 52 சதவீதம் இணைப்பைத் தொட்டதால் நடந்தவை. 41 சதவீதம் பேக். முன்னே வைத்த அடிகளுக்கு ஏறக்குறைய ஈடாகப் பின்னே வைத்த அடிகள்! இரண்டாண்டு கழித்து, கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தில் லிண்டா டௌஷரும் சால் கிரீன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு உண்மை தெரிந்தது: ஒருவர் திறக்கும் பக்கங்களில் 58 சதவீதம் அவர் ஏற்கெனவே பார்த்தவை. இணையத்தில் உலவுவது என்றால் பெரும்பாலும் போன இடத்துக்கே போவது. 2008-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட நீண்ட காலப் பதிவில் பேக்கின் பங்கு 14 சதவீதம் அளவுக்கு இறங்கியிருந்தது. புது ஜன்னலில், புது டேபில் திறக்கும் பழக்கம் நடுவில் வந்துவிட்டதுதான் முக்கியக் காரணம். ஆனால் பழைய கதை தொலைந்துவிடவில்லை. குரோம் குழு தரும் கணக்குப்படி, மேசைக் கணினியில் பத்தில் ஒரு நகர்வும், போனில் ஐந்தில் ஒரு நகர்வும் முன்-பின் வகையைச் சேர்ந்தவை. போனில் டேப்களை மாற்றுவது தொல்லை. கட்டைவிரல் தானாகவே பேக்கைத் தேடிப் போய்விடுகிறது.

இவ்வளவு பேர் அழுத்தும் பொத்தான் உள்ளே எப்படி இயங்குகிறது என்று கேட்டால் பலரும் தவறாகவே சொல்வார்கள். போன பக்கங்களையெல்லாம் பிரவுசர் போன வரிசையில் நினைவு வைத்திருக்கிறது, பேக் அழுத்தினால் ஒவ்வொன்றாகப் பின்னே காட்டுகிறது என்பது பொது எண்ணம். உண்மையில் அது ஓர் அடுக்கு. பட்டியலிலிருந்து வைகையைத் திறந்தால் அடுக்கில் பட்டியல், அதன்மேல் வைகை. பேக் அழுத்திப் பட்டியலுக்கு வந்து, இப்போது பாண்டியனைத் திறந்தால் அடுக்கு என்ன ஆகிறது? பட்டியல், அதன்மேல் பாண்டியன். வைகை பக்கம் அடுக்கிலிருந்தே போய்விட்டது. எத்தனை முறை பேக் அழுத்தினாலும் இனி அது வராது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆண்டி காக்பர்னும் ஸ்டீவ் ஜோன்ஸும் 1996-இலேயே இந்த முரணை எழுதிவிட்டார்கள். கணினி படித்தவர்களுக்கே இது பிடிபடவில்லை என்பதுதான் வேடிக்கை. குரோமில் பேக் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த அடுக்கு அப்படியே பட்டியலாக விரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் பல மர்மங்கள் தீரும்.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஒரு முகவரி என்றால் ஒரு பக்கம். அடுக்கு முழுவதும் பிரவுசரின் பொறுப்பு. தளத்தை எழுதுகிறவர் ‘பின்னே’ என்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ். அதே பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்தப் புதிய பாணிக்கு ஏஜாக்ஸ் என்று பெயர் வைத்தார். ஒரே ஒரு பக்கம் இறங்கும். அதன்பின் எதைத் தொட்டாலும் ஜாவாஸ்கிரிப்ட் பின்னணியில் சர்வரிடம் தகவலை மட்டும் வாங்கி, திரையில் வேண்டிய பகுதியை மாற்றி வரையும். பக்கம் வெளுத்து மறுபடி நிரம்பும் காத்திருப்பு இல்லை. இப்படி எழுதப்படுபவற்றை ஒற்றைப் பக்கச் செயலிகள் என்கிறார்கள். வேகம் கிடைத்தது. ஆனால் பிரவுசரின் அடுக்கில் ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. பத்து மடல் படித்துவிட்டுப் பதினோராவதிலிருந்து பேக் அழுத்தினால், பத்தாவது மடலுக்கு வருவதற்குப் பதில் செயலியையே விட்டு வெளியே தள்ளும். பார்ப்பவர் கண்ணுக்குப் பதினோரு பக்கம், பிரவுசருக்கு ஒன்று. இந்த இடைவெளிதான் அதன்பிறகு வந்த எல்லாத் தலைவலிக்கும் மூலம்.

முதல் மருந்து ஒரு குறுக்குவழி. முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி போட்டு எதையாவது சேர்த்தால், அந்தப் பகுதி சர்வருக்குப் போகாது, பக்கம் மறுபடி இறங்காது. அதேசமயம் பிரவுசரின் அடுக்கில் புதிய பதிவு ஏறும். ஒரே நீளப் பக்கத்துக்குள் இங்கும் அங்கும் தாவுவதற்காக வைத்த குறி அது. அதைக் கடத்திக்கொண்டு வந்து ‘பக்கம் மாறியது’ என்று பிரவுசரை நம்ப வைத்தார்கள். 2005-இல் பிராட் நியூபெர்க் இதற்கென்றே ரியலி சிம்பிள் ஹிஸ்டரி என்றொரு நிரல் தொகுப்பை வெளியிட்டார். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஹேஷ் மட்டும் போதவில்லை; கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டத்தைப் பக்கத்துக்குள் ஒளித்துவைத்து, அதன் முகவரியை மாற்றி மாற்றி அடுக்கை ஏமாற்ற வேண்டியிருந்தது. பெயரில் இருந்த எளிமை உள்ளே இல்லை.

2010-இல் ட்விட்டரும் ஹேஷுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்ட முகவரிகளுக்கு மாறியது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் காக்கர் குழுமத் தளங்கள் அதே வழியில் புதுப்பொலிவோடு வந்தன. வந்த வேகத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று இறங்க மறுக்க, அத்தனை தளங்களும் வெள்ளைத் தாளாக நின்றன. செய்தி சர்வரில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எந்தச் செய்தி என்பது ஹேஷுக்குப் பின்னால் இருப்பதால் சர்வருக்கு அது தெரியவே தெரியாது. குறுக்குவழியின் விலை அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. ட்விட்டர் 2012-இல் பழைய முறைக்குத் திரும்பிற்று.

அதற்குள் முறையான வழி தயாராகிவிட்டது. ஹெச்டிஎம்எல் 5-உடன் வந்த ஹிஸ்டரி ஏபிஐ, ஜாவாஸ்கிரிப்டின் கையில் இரண்டு கருவிகளைக் கொடுத்தது. புஷ்ஸ்டேட், பக்கத்தை இறக்காமலே முகவரியை மாற்றி அடுக்கின்மேல் ஒரு பதிவை ஏற்றும். ரீப்ளேஸ்ஸ்டேட், தற்போதைய பதிவையே அழித்து எழுதும். பயனர் பேக்கோ ஃபார்வர்டோ அழுத்தினால் பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு செயலிக்குத் தகவல் சொல்லும். 2010 டிசம்பரில், நிரல் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் தளமான கிட்ஹப் தன் கோப்புப் பட்டியலை இப்படி நகர வைத்துக் காட்டியது. 2011 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 4, 2012-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். குரோம் முன்பே சேர்ந்திருந்தது. 2008 செப்டம்பர் 2 அன்று குரோம் வெளிவந்தபோது அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய சுந்தர் பிச்சை 1972-இல் மதுரையில் பிறந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போனால் மதுரைக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். மற்றபடி ஹிஸ்டரி ஏபிஐக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை.

நம்மூரில் இதற்குப் பழக்கமான உதாரணம் ஐஆர்சிடிசி. 2002 ஆகஸ்ட் 3-இல் தொடங்கிய இணைய டிக்கெட் சேவை, வெகு காலம் படிக்கொரு பக்கமாகவே இயங்கியது. 2018-இல் வந்த புதிய தளம், ஆங்குலர் என்ற சட்டகத்தில் எழுதப்பட்ட ஒற்றைப் பக்கச் செயலி. அடுத்த தலைமுறை டிக்கெட் முறை என்பதன் நான்கெழுத்துச் சுருக்கம் முகவரியில் நிலையாக நிற்க, அதன் பின்னால் வரும் வால் மட்டும் ரயில் தேடல், ரயில் பட்டியல், பயணி விவரம், சரிபார்ப்பு என்று மாறுவதைக் கவனிக்கலாம். படிகள் பல, பிரவுசரில் இறங்கிய ஆவணம் ஒன்றே.

இந்த வகைத் தளங்களை எழுதுகிறவர்கள் சீக்கிரமே ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். திரையின் மேல் மூலையில் ஓர் அம்புக்குறி வைக்க வேண்டும்; தொட்டால் முந்தைய பக்கத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. சரி, முந்தைய பக்கம் எது என்று பிரவுசரைக் கேட்டால் அது வாயே திறக்காது.

அடுக்கில் எத்தனை பதிவு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதிலும் மற்ற தளங்களின் பதிவுகள் கலந்திருக்கும். குரோமில் ஐம்பதைத் தாண்டி எண்ணாது. எந்தெந்த முகவரிகள் என்று சொல்லவே சொல்லாது. சொல்லக் கூடாது என்பதுதான் நியாயமும்கூட. ஒருவர் சற்று முன்பு எந்த மருத்துவமனைத் தளத்தில் இருந்தார், எந்த வங்கியில் இருந்தார் என்பதை ரயில் தளம் அறிய வேண்டிய அவசியம் என்ன? பிரவுசர்கள் இதில் அடிபட்டுக் கற்றவை. ஏற்கெனவே பார்த்த இணைப்புகள் ஊதா நிறத்தில் தெரியும் அல்லவா? அந்த நிறத்தை ஜாவாஸ்கிரிப்டால் படித்து, ஒருவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார் என்று வேவுபார்க்க முடிந்தது. 2010-இல் மொசில்லாவின் டேவிட் பேரன் அதை அடைக்கும் வழியைக் கொண்டுவந்தார்; நிறம் என்ன என்று கேட்கும் பக்கத்துக்குப் பிரவுசர் இப்போது பொய்யான பதிலைத் தருகிறது. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எங்கிருந்து வருகிறார் என்று கூடவே அனுப்பப்படும் தகவலையும் 2020-இல் குரோம் குறுக்கிவிட்டது: தளத்தின் பெயர் மட்டும் போகும், முழு முகவரி போகாது. ஒற்றைப் பக்கச் செயலிக்குள் அந்தத் தகவலால் பயனே இல்லை. ஆவணம் மாறாததால், முதலில் நுழைந்தபோது பதிந்த பெயரே கடைசிவரை நிற்கும்.

பாப்ஸ்டேட்டும் பாதிதான் பேசும். அடுக்கில் நகர்வு நடந்தது என்கிறது. பின்னேயா முன்னேயா என்று சொல்வதில்லை.

ஆக, வந்த வழியைச் செயலியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தை இறக்கும் வேலையைப் பிரவுசரிடமிருந்து பறித்துக்கொண்டதற்குச் செலுத்தும் வட்டி இது. ஒவ்வொரு சட்டகத்திலும் ரூட்டர் என்றொரு பகுதி உண்டு (வீட்டு வைஃபை பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). முகவரி மாறும்போதெல்லாம் எந்தத் திரையை வரைவது என்று தீர்மானிப்பது அதுதான். ஆங்குலரில் நகர்வு முடிந்ததும் ஒரு நிகழ்வு எழும். அப்போது தற்போதைய முகவரியை ‘முந்தையது’ என்ற பெட்டிக்குத் தள்ளி, புதியதை ‘தற்போதையது’ என்று எழுதிக்கொண்டால் போதும். வ்யூ என்ற இன்னொரு சட்டகத்தின் வ்யூ ரூட்டரில் ஒவ்வொரு நகர்வின்போதும் எங்கே, எங்கிருந்து என்று இரண்டும் கைக்கே வந்துவிடும். நாலு வரியில் முடிகிற காரியம். பயிற்சி வகுப்புகள் இங்கேயே நிறுத்திவிடுகின்றன.

நாலு வரி எங்கே உடைகிறது என்று பார்க்க ஓடிபி வரும் நேரத்தை நினைத்துக்கொண்டால் போதும். நினைவகம் குறைந்த போன். பயனர் குறுஞ்செய்தியைப் பார்க்க வேறு செயலிக்குப் போகிறார். ஆண்ட்ராய்டு, இடம் பற்றாமல் பின்னணியில் கிடந்த டேபை அழித்துவிடுகிறது. ஆறு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பி வருகிறார். பக்கம் முதலிலிருந்து இறங்குகிறது. ஜாவாஸ்கிரிப்டின் நினைவில் இருந்த ‘முந்தையது’ காலி. எழுதியவரின் கணினியில் நினைவகத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே இது ஒருநாளும் நடக்காது. அதனால்தான் இந்தப் பிழை சோதனையில் சிக்காமல் நேராகப் பயனரிடம் வந்து சேர்கிறது.

தப்பிக்க வழி, குறிப்பை அடுக்கின் பதிவிலேயே ஒட்டிவைப்பது. புஷ்ஸ்டேட் அழைக்கும்போது முகவரியோடு ஒரு சிறு தகவல் பொதியையும் கொடுக்கலாம். பக்கம் மறுபடி இறங்கினாலும் அந்தப் பொதி பதிவோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு வரிசை எண்ணைப் போட்டால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. பாப்ஸ்டேட் வரும்போது முன்பு இருந்த எண் 5, இப்போது இருப்பது 4 என்றால் பயனர் பின்னே வந்திருக்கிறார். 6 என்றால் முன்னே. வ்யூ ரூட்டரின் நான்காம் பதிப்பு இந்தப் பொதிக்குள் பின், தற்போது, முன் ஆகிய மூன்று முகவரிகளையும் நிலை எண்ணையும் தானே எழுதிவைக்கிறது. பல நாள் பட்ட அனுபவம் அந்த ஏற்பாட்டில் தெரிகிறது. ரியாக்ட்டில் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ரியாக்ட் ரூட்டர் வேறு விதம்: பயனர் வெளியிலிருந்து நேராக வந்து இறங்கிய முதல் பதிவுக்குத் தனி அடையாளம் வைத்திருக்கிறது. அந்த அடையாளத்தைப் பார்த்தால், இவருக்குப் பின்னால் நம் தளத்துப் பக்கம் எதுவும் இல்லை என்று அறியலாம்.

குறிப்பு கையில் இருந்தாலும் பயன்படுத்துவதில் ஒரு குழி இருக்கிறது. எத்தனையோ செயலிகள் அதில் விழுந்திருக்கின்றன. பட்டியலிலிருந்து வைகை பக்கத்துக்குப் போனவர், மேல் மூலை அம்பைத் தொடுகிறார். செயலி தன் குறிப்பைப் பார்க்கிறது: முந்தையது பட்டியல். உடனே பட்டியலின் முகவரியைப் புஷ்ஸ்டேட் செய்கிறது. திரையில் பட்டியல் வந்துவிட்டது, எழுதியவருக்குத் திருப்தி. ஆனால் அடுக்கில் இப்போது பட்டியல், வைகை, மறுபடி பட்டியல் என்று மூன்று பதிவுகள். பயனர் போனின் பேக்கை அழுத்தினால் வைகை வருகிறது. அம்பைத் தொட்டால் பட்டியல். பேக், வைகை. அம்பு, பட்டியல். எத்தனை முறை செய்தாலும் வெளியே வர முடியாது. பின்னே போவதுபோல் பாவனை செய்து முன்னே போனதன் விளைவு. பின்னே போக வேண்டுமென்றால் அடுக்கிலிருந்து இறங்கத்தான் வேண்டும், மேலே இன்னொன்றை வைக்கக் கூடாது. நம் தளத்துக்குள்ளிருந்து வந்தவரென்றால் பிரவுசரின் பேக்கையே அழைத்துவிடலாம். வாட்ஸ்அப் லிங்க்கிலிருந்து நேராக வந்தவரென்றால், அம்புக்கு ஒரு நியாயமான இடத்தை நாமே முடிவுசெய்து, தற்போதைய பதிவை அதைக்கொண்டு மாற்றி எழுத வேண்டும்.

அந்த ‘நியாயமான இடம்’ எது என்பதில்தான் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன: எங்கிருந்து வந்தேன், இதற்கு மேலே என்ன இருக்கிறது. மதுரைத் தெருக்களில் நின்றால் வித்தியாசம் காலுக்கே தெரியும். மீனாட்சி கோயிலைச் சுற்றி சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாக விரிகின்றன. ஆவணி மூல வீதியில் நிற்பவருக்கு அடுத்த வெளிச்சுற்று எப்போதும் மாசி வீதிதான். அவர் எப்படி வந்தார் என்பதைப் பொறுத்து அது மாறாது. வந்த வழி அப்படியல்ல. சாமி கும்பிட்டுவிட்டுச் சித்திரை வீதி வழியாக வந்தவருக்குப் பின்னே கோயில். பஸ் இறங்கி மாசி வீதி வழியாக வந்தவருக்குப் பின்னே கடைத்தெரு. ஆண்ட்ராய்டு இதை 2011-இல் தன் வடிவமைப்பில் வெளிப்படையாகவே பிரித்தது. திரையின் மேல் மூலை அம்பு, அமைப்பில் மேலே உள்ளதற்கு ஏற்றும். போனின் கீழே உள்ள பேக், வந்த வழிக்குத் திருப்பும். மேல் அம்பு பயனரைச் செயலிக்கு வெளியே தள்ளவே கூடாது என்பது விதி. நல்ல விதி. கெட்டது என்னவென்றால் இரண்டையும் இடப்பக்கம் பார்த்த அம்பாகவே வரைந்தார்கள். பார்க்கிறவர் இரண்டும் ஒன்று என்றுதான் நினைப்பார், நினைக்கிறார்.

எதை ஒரு ‘பக்கம்’ என்று கணக்கு வைப்பது? இங்கே முகவரி உதவாது, கண்தான் நீதிபதி. டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்ட் என்ற ஆய்வு நிறுவனம், இணையக் கடைகளில் மக்கள் பொருள் வாங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது. திரை கணிசமாக மாறிவிட்டால், அது தொழில்நுட்பத்தின்படி அதே பக்கமாக இருந்தாலும், பயனர் அதைப் புதுப் பக்கமாகவே எடுத்துக்கொள்கிறார். முழுத் திரையை மூடும் படம் விரிந்தால், பேக் அழுத்தி அதை மூட நினைக்கிறார். தளமோ முழுப் பக்கத்தையும் விட்டு வெளியேறுகிறது. வடிகட்டியில் ‘ஸ்லீப்பர் மட்டும்’ என்று தேர்ந்தால், பேக் அந்தத் தேர்வை நீக்கும் என்று எதிர்பார்க்கிறார். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. விலை வரம்பை விரலால் இழுக்கும்போது ஒவ்வோர் அசைவையும் அடுக்கில் ஏற்றினால், வெளியே வர முப்பது முறை பேக் அழுத்த வேண்டிவரும். இழுக்கும்போது அடுக்கைத் தொடாமல், விரலை எடுக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும். லாகின் பக்கத்தின் பதிவை, உள்ளே வந்ததும் மாற்றி எழுதிவிடுவது உத்தமம். உள்ளே வந்துவிட்டவரை மறுபடி கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கு அனுப்புவதில் யாருக்கு லாபம்?

உருட்டிய இடத்தை நினைவு வைப்பது தனிக் கதை. ஃபிளிப்கார்ட் 2015-இல் மொபைல் தளத்தையே மூடிவிட்டு எல்லோரையும் செயலிக்கு அனுப்பிப் பார்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் பிரவுசருக்கே திரும்பியது. பிரவுசரிலேயே செயலியைப்போல் இயங்கும் ஒற்றைப் பக்கத் தளம் அது. உலகளவில் இதன் ஆரம்ப முன்மாதிரிகளில் ஒன்றாக அது பேசப்பட்டது. இதுபோன்ற கடைத் தளங்களில் முடிவில்லாமல் நீளும் பட்டியலில் நாற்பதாவது பொருளைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், பட்டியல் இன்னும் வரைந்து முடியாத நொடியிலேயே பிரவுசர் பழைய உயரத்துக்கு உருட்டப் பார்க்கும். உயரமே இன்னும் உருவாகவில்லை. உருட்டல் உச்சியிலேயே நின்றுவிடும். முதலில் பார்த்த ரயில்காரருக்கு நடக்கக்கூடிய மூன்றில் இரண்டாவது இதுதான். 2015-இல் குரோம் 46, அந்த வேலையைப் பிரவுசர் செய்ய வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று செயலி சொல்லும் வசதியைக் கொடுத்தது. சொன்ன பிறகு உண்மையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பல தளங்கள் சொல்வதோடு சரி.

அடுக்கில் ஏற்றும் உரிமையைக் கொடுத்தால் திருடர்களும் ஏற்றுவார்கள். பக்கம் திறந்ததும் போலிப் பதிவுகளை வரிசையாக ஏற்றி, பேக் அழுத்த அழுத்த விளம்பரத்திலேயே சிறைவைக்கும் தளங்கள் பெருகின. பயனர் தொடாமல் தானாக ஏற்றப்பட்ட பதிவுகளைப் பேக் பொத்தான் தாண்டிப் போகும்படி குரோம் 2019-வாக்கில் மாற்றியது. அதற்கு முன் 2016-இல் இன்னொரு பழக்கத்தையும் வெட்டியது: பேக்ஸ்பேஸ் விசையால் பின்னே போவது. அந்த விசையால் நடக்கும் நகர்வுகள் மொத்தப் பக்கங்களில் 0.04 சதவீதமே. ஆனால் அதில் ஒரு பகுதி, படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்கள் எழுத்தை அழிக்கப் போய் மொத்தப் படிவத்தையும் இழந்த தருணங்கள்.

2022-இல் குரோம் 102 கொண்டுவந்த நேவிகேஷன் ஏபிஐ, இத்தனை காலக் கைவேலைக்கு ஒரு முறையான மாற்று. பின்னே போக முடியுமா என்று நேராகக் கேட்கலாம். அடுக்கின் பதிவுகளை முகவரியோடு வாங்கலாம். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் அடையாளமும் உண்டு. அந்தரங்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தன் தளத்துப் பதிவுகளை மட்டுமே ஒரு செயலி பார்க்கலாம், அதுவும் இப்போதிருக்கும் பதிவை ஒட்டித் தொடர்ச்சியாக இருப்பவற்றை மட்டும். டிக்கெட் தளத்திலிருந்து வங்கித் தளத்துக்குப் போய்ப் பணம் கட்டிவிட்டுத் திரும்பினால், நடுவில் வங்கி நிற்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் பட்டியலும் பயணி விவரமும் டிக்கெட் தளத்துடையவைதான். ஆனாலும் கண்ணில் படாது.

இன்றைக்குக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. ஐபோனில் 2013 முதலே திரை ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் முந்தைய பக்கம் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். சஃபாரி காட்டும் அந்தப் பக்கம், முன்பே எடுத்து வைத்த படம். விரலை எடுத்ததும் படம் விலகி, செயலி அதே திரையைப் புதிதாக வரைகிறது. செயலிக்கும் சொந்தமாக ஒரு நகர்வு அலங்காரம் இருந்தால் பக்கம் ஒருமுறை வந்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை சறுக்கி வரும். ஆண்ட்ராய்டும் 2022-இல் 13-ஆம் பதிப்போடு இந்த வழிக்கு வந்தது: இழுப்பதைப் பாதியில் நிறுத்தி எங்கே போகப்போகிறோம் என்று பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் விரலைத் திரும்ப விடலாம். பேக் அழுத்திய பிறகு முடிவுசெய்யும் சௌகரியம் எழுதுகிறவருக்கு இனி இல்லை. விரல் ஓரத்தைத் தொடும்போதே முந்தைய பக்கம் தயாராக இருக்க வேண்டும். 2023-இல் குரோம், பாப்ஸ்டேட் நிகழ்வோடு ஒரு சிறு குறியையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. பிரவுசர் ஏற்கெனவே நகர்வைக் காட்டிவிட்டதா இல்லையா என்பதை அது சொல்கிறது. ஆம் என்றால் செயலி தன் அலங்காரத்தை நிறுத்திக்கொள்ளலாம்.